கீரைக்கு வேண்டியது நல்ல தண்ணீர்

கல்யாணிலிருந்து வி.டி.க்குச் செல்லும் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைப்பது டோம்பிவிலிக்காரர்களுக்கு ஆண்டில் ஓரிரு முறை வாய்க்கும் பாக்கியம். (ஸ்டேஷனுக்குச் சத்ரபதி சிவாஜி மகராஜ் பெயர் வைத்து ஆண்டுகள் பல ஆகியும் நம்மவர் வாயில் அது வி.டி.தான்.) அப்படி இடம் கிடைத்தவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் இருந்திருக்க முடியாது. தண்டவாளத்து ஜல்லிக்கும் மதில் சுவருக்கும் நடுவே பாய் விரித்தாற்போலப் பச்சைப் பாத்திகள். பாலக், மேத்தி, செந்தண்டுக் கீரை, முள்ளங்கி, வெண்டை, சேம்பு. பாத்தியை ஒட்டி ஒரு நாலா. நாலாவில் கறுத்த தண்ணீர். அந்தத் தண்ணீரையே வாளியிலும் மோட்டாரிலும் எடுத்துப் பாய்ச்சிக்கொண்டு ஒரு மனிதர்.

இதைப் பார்த்து முகம் சுளித்தவர்தான் சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, "பச்சைப் பசேலென்று இருக்கிறதே" என்று இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் யோசிப்பதில்லை. இதை எழுதுகிறவனும் பல வருஷம் யோசித்ததில்லை.

இப்போது பல இடங்களில் அந்தப் பாத்திகள் மறைந்துவிட்டன. புதிய தண்டவாளங்கள் வந்திருக்கின்றன. டாணாவுக்கும் திவாவுக்கும் இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டன. எஞ்சியுள்ள பாத்திகளையும் அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆனால் பாத்தி ஓரிடத்தில் மறைந்தால் அந்தப் பயிரும் அந்தத் தண்ணீரும் மறைந்துவிடுவதில்லை. நகரத்தின் விளிம்பில் கழிவுநீர் ஓடும் வேறொரு பள்ளத்தின் பக்கம் போய் மறுபடி முளைக்கின்றன. ஆகவே இந்தப் பிரச்சினையை இரண்டு நாள் செய்தியாக விட்டுவிடாமல் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

இந்தப் பாத்திகள் திருட்டுத்தனமாக வந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். யுத்த காலத்தில், வங்காளப் பஞ்சம் நாட்டை உலுக்கிய 1943-ல், "அதிக உணவு பயிரிடுவோம்" என்ற இயக்கம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. உணவுத் தட்டுப்பாடு வாட்டிய ஆண்டுகளில் ரயில்வேயும் சும்மா கிடக்கும் தன் நிலத்தைச் சாகுபடிக்கு விட்டது. மும்பை வட்டாரத்தில் 1970-களிலிருந்து மூன்றாம், நான்காம் பிரிவுச் சிப்பந்திகளுக்கு ஆண்டுக் கட்டணத்தில் உரிமம் கொடுத்துக் கறிகாய் பயிரிடச் செய்தார்கள். நிர்வாகத்துக்கு இதில் இரட்டை லாபம். நகரத்துக்குக் கறிகாய் கிடைக்கும். பாத்தி போட்ட நிலத்தில் குடிசை முளைக்காது. நல்ல யோசனைதான் என்பதில் ஐயமில்லை.

உரிமம் வாங்கியவர்கள் எல்லோரும் மண்வெட்டி பிடித்தார்களா என்றால் அதுதான் இல்லை. எட்டு மணி நேர ட்யூட்டி முடித்துவிட்டு எத்தனை பேர் களை எடுக்க முடியும்? பாத்தியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். பெயர் ஒருவருடையது, வியர்வை இன்னொருவருடையது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இது ரகசியம் அல்ல.

இனி தண்ணீருக்கு வருவோம்.

நம் டோம்பிவிலிவாசிகளுக்குத் தண்ணீரின் நிறத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் இங்கே பச்சை நிறத்தில் மழை பெய்தது. 2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி.சி. பகுதியில் சாலையே இளஞ்சிவப்பாக மாறி, முதலமைச்சர் நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகள் 43-ஐப் பட்டியலிட்டபோது அதில் டோம்பிவிலிக்கும் இடம் இருந்தது. அம்பர்நாத், உல்லாஸ்நகர் வழியாக வந்து கல்யாண் அருகே உல்லாஸ் ஆற்றில் விழும் வால்துனி ஆற்றை ரயிலிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் நாலாத் தண்ணீர் என்றால் வீட்டுக் கழிவு மட்டுமல்ல. சாயப் பட்டறை, ரசாயனத் தொழிற்சாலை, மோட்டார் பட்டறை எல்லாம் அதில் கலந்திருக்கலாம்.

இதில் இரண்டு விதமான ஆபத்து இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தீர்வும் குழம்புகிறது.

ஒன்று கிருமி. மலக் கழிவு கலந்த தண்ணீரிலிருந்து டைபாய்டு, வயிற்றுப்போக்கு, குடற்புழு இவை இலையில் ஒட்டிக்கொண்டு வரும். இது கெட்டதுதான், ஆனால் மனிதன் கைக்கு அடங்கக்கூடியது. நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, நன்றாக வேகவைத்தால் பெரும்பாலும் போய்விடும். நம் வீடுகளில் கீரையை மசித்துத்தான் சாப்பிடுகிறோம். பச்சையாகத் தின்னும் முள்ளங்கியும் கொத்தமல்லியும்தான் கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள். இவை வேர் வழியாகச் செடிக்குள்ளேயே ஏறிவிடுகின்றன. மஞ்சள் தண்ணீரில் கழுவினாலும் உப்பு நீரில் ஊறவைத்தாலும் உள்ளே ஏறியது வெளியே வராது. கொதிக்க வைத்தாலும் அழியாது. காய்களைவிட இலைகளில், அதிலும் பாலக் போன்ற கீரைகளில், காட்மியம் அதிகம் சேரும் என்பது விஞ்ஞானிகள் நெடுநாளாய்ச் சொல்லிவருவது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிடும். தண்டவாளத்தோரக் கீரையைப் பரிசோதித்ததில் இத்தகைய உலோகங்கள் தென்பட்டதாக மும்பைப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பரபரப்பு. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றில் சுரங்கத்திலிருந்து காட்மியம் கலந்தது. அந்த ஆற்று நீரில் விளைந்த நெல்லைப் பல ஆண்டுகள் தின்றவர்களுக்கு எலும்பு கரைந்து, சாதாரண இருமலுக்கே விலா ஒடிந்தது. நோயாளிகள் "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அரற்றியதே அந்த நோய்க்குப் பெயராகி "இதாய்-இதாய்" என்றானது. தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு அதை ஒப்புக்கொண்டது 1968-ல். அங்கே அது பிரதான உணவான அரிசியில் ஏறியது. இங்கே வாரத்தில் இரண்டு நாள் சமைக்கும் கீரை. அளவு வேறுதான், பீதி கிளப்புவது நம் நோக்கமல்ல. அந்த அளவு என்ன என்று அளந்து சொல்வார் யார் என்பதே நம் கேள்வி.

சரி, குற்றவாளி யார்? பாத்தியில் நிற்கும் மனிதரைக் கைகாட்டுவது சுலபம். சென்ற குளிர்காலத்தில் டோம்பிவிலிக்கும் கல்யாணுக்கும் இடையில் அப்படி ஒருவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஜவுன்பூர் பக்கத்துக்காரர். ஊரில் அவருடைய அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனம். "பாபுஜி, என் அப்பா இந்தத் தண்ணீரை மாட்டுக்குக்கூடக் காட்ட மாட்டார். எனக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்தும் ஏன் என்றால் அவர் கையை விரித்தார். போர் போட வேண்டும் என்றால் நிலம் அவருடையது அல்ல. உரிமம் வேறொருவர் பெயரில், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு. நிரந்தரமாக எதையும் கட்டக்கூடாது. நாளை புதுப் பாதை போடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னால் பாத்தியைப் பாதியில் விட்டுப் போக வேண்டும். பாங்கியில் கடன் கேட்கக் காகிதம் இல்லை. இந்த நிலையில் இருப்பவர் இருபத்தைந்து முப்பது நாளில் அறுத்துக் காசாக்கும் கீரையைத்தான் போடுவார், கைக்கெட்டும் தண்ணீரைத்தான் பாய்ச்சுவார்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம் என்றால், "நல்ல விவசாய நடைமுறைகள்" என்று இப்போது எங்கும் பேசப்படுகிறது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு பேசுகிறது. ஐரோப்பியக் கடைக்காரர்கள் சேர்ந்து 1997-ல் தொடங்கிய தரச்சான்று முறை பத்தாண்டு கழித்து உலக முறையாகவே பெயர் மாற்றிக்கொண்டது. நம் நாட்டிலும் அதுபோல ஒன்று வந்திருக்கிறது. விஷயம் என்னவோ எளிது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதி. பூச்சி வந்த பின் மருந்தைத் தேடாமல் வராமல் காக்கப் பார். மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கிற அளவில் அடி. அடித்த பின் இத்தனை நாள் பறிக்காதே என்று எழுதியிருந்தால் பறிக்காதே. பறித்ததை நல்ல தண்ணீரில் கழுவு. செய்ததையெல்லாம் நோட்டில் எழுதி வை. எதிர்த்துப் பேச இதில் என்ன இருக்கிறது? ஆனால் இவை அனைத்தும் சொந்த நிலமும், கிணறும், ஒரு கொட்டகையும், பத்து நாள் பொறுக்கக் கையிருப்பும் உள்ளவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அரை ஏக்கர் குத்தகைக்காரருக்கும் தண்டவாளத்தோரத் தோட்டக்காரருக்கும் அதே நோட்டை நீட்டினால் அவர் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்.

தண்டவாளத்தை விட்டு உள்ளே, ஷஹாபூர், முர்பாட் தாலுகாக்களில் சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர்கள் நிலை என்ன? டோம்பிவிலிக்கு வரும் கறிகாயில் ஒரு பங்கு அவர்களுடையது. தண்ணீர் அங்கே பரவாயில்லை, சிக்கல் பூச்சிமருந்தில். வெண்டைக்காயையே எடுத்துக்கொள்வோம். காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். நான்கு நாள் விட்டால் முற்றி நாராகிவிடும், நம் வீட்டுப் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மருந்து டப்பாவில் "ஐந்து நாள் காத்திரு", "ஏழு நாள் காத்திரு" என்றிருந்தால் அந்த விவசாயி இரண்டு மூன்று பறிப்பை இழக்க வேண்டும். இழப்பை யார் கொடுப்பார்? காத்திருந்தவருடைய வெண்டைக்கும் காத்திருக்காதவருடைய வெண்டைக்கும் மண்டியில் ஒரே விலை. சில சமயம் காத்திருந்தவருடையது முற்றல் என்று விலை குறைவு!

வழி இல்லாமல் இல்லை. மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் வெண்டை ரகங்களை நம் விஞ்ஞானிகள் கொடுத்திருக்கிறார்கள். நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைப் பிடிக்கப் பசை தடவிய மஞ்சள் அட்டை போதும். கத்திரிக்காய்த் துளைப்பானுக்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறது. ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு நம் தாத்தா காலத்துக் கைமருந்தின் அளவு சொன்ன வடிவம். இவற்றால் மருந்து அடிக்கும் தடவை குறையும், அடியோடு நிற்காது. ஆனால் இவற்றைச் செய்ய ஒருவர் வயலில் வந்து காட்டித் தர வேண்டும். இந்தோனேசியாவில் 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்துவிட்டு, 1989-லிருந்து வயலையே வகுப்பறையாக்கி, விவசாயிகளைக் கூட்டாக உட்காரவைத்து எது தீமை செய்யும் பூச்சி, எது நன்மை செய்யும் பூச்சி என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே விவசாயிக்கு ஆலோசகர் யார்? பெரும்பாலும் மருந்து விற்கிற கடைக்காரர். பசிக்கு என்ன சாப்பிடலாம் என்று ஓட்டல் முதலாளியைக் கேட்டால் அவர் கஞ்சியா சொல்வார்?

இதனால் முதலில் பாதிக்கப்படுகிறவர் சாப்பிடுகிற நாம் அல்ல, தெளிக்கிறவர். இதே மராட்டிய மாநிலத்தில் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் கறிகாய்ப் பயிருக்கு அடிக்கக்கூடாது என்று 2005-லேயே உத்தரவு வந்துவிட்டது. ஆனால் பருத்திக்கு வாங்கிய டப்பா கத்திரித் தோட்டத்துப் பக்கம் போகாமல் யார் காவல் நிற்பது? டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தபடி, பிறகு நீலம், பச்சை என்கிற பாடத்தையாவது ஒவ்வொரு கிராமத்துச் சாவடியிலும் எழுதிப் போடலாம்.

நம் ஊர்க் கதையும் வேறல்ல. 2015-ல் தமிழ்நாட்டிலிருந்து வரும் கறிகாயில் மருந்து மிச்சம் அதிகம் என்று கேரள அரசு கெடுபிடி செய்தபோது தமிழக விவசாயிகளும் வியாபாரிகளும் கொதித்தார்கள். ஒட்டன்சத்திரத்து மண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. கோபம் நியாயமா என்பது வேறு விஷயம். இரண்டு பக்கத்தையும் ஒரே ஆய்வகத்தில் அளந்து, அளந்ததை எல்லோரும் அறியப் போட்டிருந்தால் அதில் பாதி சண்டை வந்திராது.

வாங்குகிறவர் கண்டிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து சென்ற சரக்கில் 2013-ஆம் ஆண்டு 207 முறை பூச்சி கண்டதாகச் சொல்லி, 2014 மே முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்கும், அதோடு கத்திரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலைக்கும் தடை போட்டது. உடனே டில்லியும் மும்பையும் பரபரத்தன. அங்கீகாரம் பெற்ற பொதிகூடம் வழியாகத்தான் சரக்கு போக வேண்டும், அங்கே ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்றானது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. காய்களுக்கு மேலும் சில காலம் பிடித்தது. இதே டாணா மாவட்டத்தின் உள்தாலுகாக்களில் ஏற்றுமதிக்கென்றே வெண்டை போடும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். எதை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது, எத்தனை நாள் காக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டால் பட்டியலாகச் சொல்வார்கள். நோட்டும் எழுதுகிறார்கள். காரணம், எழுதினால் விலை கிடைக்கிறது.

அந்தச் சேம்பு இலையைக் கவனியுங்கள். லண்டனில் குஜராத்திக் கடையில் பத்ராவுக்காக விற்கும் இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். அதே இலை டோம்பிவிலியில் அளுவடிக்காக விற்கும்போது எந்தத் தண்ணீரில் நின்றது என்று கேட்க நாதியில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. உலோகம் இவ்வளவுக்கு மேல் கூடாது, மருந்து மிச்சம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்ற விதிகள் 2011-லிருந்து இருக்கின்றன. அந்த விதிகள் நம் ஸ்டேஷன் வாசலை எட்டவில்லை.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டோம்பிவிலி கிழக்கில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் பல வருஷமாகக் கீரை விற்கிறார். ஒருநாள் இந்த விஷயத்தை அவரிடம் பேச்சாக எடுத்தோம். அவர் கூடையின் அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை. "இது மருந்து படாத கீரை தம்பி. காலையிலேர்ந்து கிடக்கு. ஒரு ஆள் தொடலை. மேல இருக்கே பளபளன்னு, அது மூணு தடவை வாங்கிட்டு வந்து வித்தாச்சு. நீங்களே சொல்லுங்க, நான் எதை வாங்கியாறணும்?" என்றார். "ஆச்சி, அதைக் கொடுங்கள்" என்று வாங்கினோம். பாதி விலைதான் கேட்டார். வீட்டில் நடந்த விசாரணையை இங்கே எழுத இடமில்லை.

ஓட்டை விழுந்த கீரை பாதி விலைக்குப் போகிற சந்தையில் எந்த விவசாயி ஓட்டை விழ விடுவார்?

மழைக்காலத்தில் கசாரா லோக்கலில் ஆஸன்காவ், வாசிந்த் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் கூடையோடு வந்து இறங்குகிறார்கள். காட்டில் தானாய் முளைத்த தகரை முதலிய கீரைகள் கொண்டு வருகிறார்கள். மராட்டியர்கள் ஆசையாய் வாங்குகிறார்கள். நம்மவர்கள் "இது என்ன புல்" என்று தாண்டிப் போகிறோம். தகரை நம் ஊரிலும் வேலியோரம் முளைக்கிற செடிதான். மருந்தும் இல்லை, நாலாவும் இல்லை. இது போகிற போக்கில் சொன்னது.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

ரயில்வே நிர்வாகம் பாத்திகளை ஒரேயடியாகப் பிடுங்கி எறிவது சுத்தமான தீர்வாகத் தோன்றலாம். அதனால் பாத்திக்காரர் பிழைப்பு போகும், கீரை வேறு நாலாவுக்கு மாறும். அதற்குப் பதில் உரிமத்தையே கருவியாக்கலாம். உழுகிறவர் பெயரிலேயே, குறைந்தது மூன்று ஆண்டுக்கு உரிமம் கொடுக்கட்டும். உரிமம் கொடுக்குமுன் அந்தப் பாத்தியின் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கட்டும். உலோகம் கண்ட இடத்தில் தின்னும் பயிர் எதுவும் கூடாது, சாமந்தி போடட்டும். கல்யாண் பூ மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. கணபதியும் தசராவும் தீபாவளியும் வரிசையாக வரும்போது சாமந்தி என்ன விலை விற்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். பூவுக்குக் காட்மியம் ஒரு பொருட்டல்ல.

உலோகம் இல்லை, கிருமி மட்டும்தான் என்றால் அதைச் சமாளிக்க வழிகளை உலக சுகாதார நிறுவனம் 2006-லேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. தண்ணீரைக் குழியில் தேக்கி வண்டல் தெளிந்த பின் மேல்நீரை எடுப்பது, இலை மேல் படாமல் வேரடியில் பாய்ச்சுவது, அறுப்புக்கு முன் சில நாள் பாய்ச்சலை நிறுத்துவது, அறுத்ததை நல்ல தண்ணீரில் அலசுவது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் குமாசி நகரத்துத் தோட்டக்காரர்களிடம் இவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழியில் தேக்குவதும் பூவாளியைத் தாழ்த்திப் பிடிப்பதும் அவர்களுக்குக் கைவந்தது. பாய்ச்சலை நிறுத்து என்றதுதான் எடுபடவில்லை. வெயிலில் இலை வாடிவிடும், வாடியதை யார் வாங்குவார் என்றார்கள். நம் ஆச்சி சொன்னது அங்கேயும் கேட்கிறது.

கடைசிக் கழுவல்தான் இங்கே மிக மோசம். நாலாத் தண்ணீரில் வளர்ந்த கீரையை, வாடாமல் பளிச்சென்று இருக்க, கட்டோடு அதே நாலாவில் முக்கி எடுக்கிறார்கள். இதைத் தடுக்க பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பாத்திகளுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் போதும். கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி செய்யக்கூடிய காரியம்தான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன. அங்கே சுத்தம் செய்த நீரைப் பரிசோதித்துப் பாசனத்துக்கு ஏற்றதென்றால் குழாய் வழியே கொடுக்கலாமே? ஆற்றில் விடுவதைவிட அது மேல்.

கல்யாண் மார்க்கெட் கமிட்டியிலும் டோம்பிவிலி ஸ்டேஷன் சந்தையிலும் வாரம் ஒருமுறை மாதிரி எடுத்து, மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சோதிக்க வேண்டும். முடிவை மராட்டியில், ஹிந்தியில், முடிந்தால் தமிழிலும் பலகையில் எழுதிப் போட வேண்டும். எந்தக் கடைக்காரர் பெயரும் வேண்டாம். எந்தக் கறிகாய், எந்தப் பக்கத்துச் சரக்கு, தேறியதா இல்லையா என்பது மட்டும் போதும். பலகை வந்துவிட்டால் மண்டிக்காரரே வருகிறவரிடம் "உன் தண்ணீர் எது?" என்று கேட்கத் தொடங்குவார்.

விலைக்கு ஒரு வழி. மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ல் தொடங்கிய உழவர் சந்தையை ஊருக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டை உள்ள விவசாயி நேராக வந்து உட்கார்ந்து விற்கிறார். மராட்டிய அரசும் 2016-ல் கறிகாயையும் பழத்தையும் மார்க்கெட் கமிட்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, தோட்டக்கார பக்தர் சந்த் சாவ்தா மாளி பெயரில் உழவர் வாரச் சந்தைகளுக்கு வழி செய்தது. டோம்பிவிலியில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என நிரந்தர இடம் ஒதுக்கி, முர்பாட், ஷஹாபூர் பக்கத்தில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துக் கையெழுத்திடும் குழுக்களுக்கு அங்கே முன்வரிசை கொடுக்கலாம். ரயிலில் கூடையோடு வருகிறவர்களுக்கு லக்கேஜ் பெட்டியில் படும் அவஸ்தை தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுவோம்.

நம் தமிழ் மன்றங்களும் மகளிர் குழுக்களும் பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் கூடுகின்றன. கூட்டமாக வாங்கினால் ஒரு விவசாயிக் குழுவோடு நேரடியாகப் பேசி, வாரம் ஒரு நாள் கட்டிடத்து வாசலிலேயே கறிகாய் இறக்கச் செய்யலாம். நாற்பது வீடு சேர்ந்தால் போதும். ஆனால் வருகிற கத்திரிக்காயில் ஒன்றிரண்டு சொத்தை இருக்கும். அதற்குத் தயாரா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும்.

மழை விட்டு அக்டோபரில் குளிர்காலக் கீரைக்குப் பாத்தி கொத்தத் தொடங்குவார்கள். மாநகராட்சியின் சுகாதார அதிகாரிகளும் ரயில்வே நிர்வாகமும் அதற்கு முன்பே ஒரு நாள் சேர்ந்து இறங்கி, கோபரிலிருந்து கல்யாண் வரை உள்ள நாலாக்களில் ஆளுக்கொரு குப்பித் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவை டோம்பிவிலி ஸ்டேஷன் மேம்பாலத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும்.